இல்லாத பாய்லர்

என் செல்லத் தம்பி ஸ்டீபனுக்கு,

நாளைக்குக் கல்லறைத் திருநாள். அம்மா சாமந்தியும் மெழுகுவத்தியும் வாங்கி வைத்துவிட்டாள். அங்கே வந்தால் அம்மா அழுவாள், நானும் அழுவேன், பேச வந்ததைப் பேச முடியாது. அதனால் இன்றே எழுதிவிடுகிறேன். கோபமாக இருக்கிறேன்டா. கோபத்தோடு கல்லறைக்கு வரக்கூடாது என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

நீ செத்தது யாரால் என்று திருவள்ளூரில் விசாரணை நடந்தது. ஆரணியிலிருந்து பஸ் பிடித்துப் போனேன். உன்னோடு வேலை பார்த்த கோபியும் வந்திருந்தான். கும்மிடிப்பூண்டியில் அதே கம்பெனியில்தான் இன்னும் இருக்கிறான். சோறு போடுகிற மானேஜரை எதிரில் வைத்துக்கொண்டு சாட்சி சொல்ல வருவதற்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும்? உனக்காக வந்தான்.

உன் வேலை என்ன என்றே அங்கே பாதிப் பேருக்குப் புரியவில்லை. நான்தான் சொன்னேன். லாரியில் வருகிற பழைய எஞ்சின் ஆயிலையும், கப்பல் தொட்டிகளில் வழித்தெடுத்த கறுப்பு எண்ணெயையும் பெரிய இரும்புக் கலத்தில் ஏற்றி அடியில் நெருப்பு போடுவார்கள், மேலே வருகிற ஆவி குழாயில் போய்க் குளிர்ந்து டீசல் மாதிரி இறங்கும் என்று. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பாட்டிலில் பிடித்து வந்து வெயிலில் தூக்கிக் காட்டினாயே, ஞாபகம் இருக்கிறதா? "பாருக்கா, தாரு மாதிரி இருந்துச்சு, தேனு மாதிரி ஆயிட்ச்சு" என்றாய். முகமெல்லாம் சிரிப்பு. அந்த வேலையின் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் இல்லை. ஆற்றிலும் ஏரியிலும் கொட்டப்போகிற சனியன் எரிபொருளாக மாறினால் நல்லதுதானே.

அந்தக் கலத்துக்கு நீங்கள் வைத்திருந்த பெயர் பாய்லர். வாட்ச்மேனுக்கும் அது பாய்லர்தான், மானேஜருக்கும் அது பாய்லர்தான். நீ வீட்டுக்கு வந்து பேசிப் பேசி அம்மாவுக்கே அந்த வார்த்தை பழகிவிட்டது. சாப்பிட லேட்டானால், "இன்னாடா, பாய்லர் வுடலியா?" என்று கேட்பாள்.

லாரி எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கும். தொட்டியில் தேங்கவிட்டு, அடியில் தங்குகிற தண்ணீரை வடித்த பிறகுதான் சூடான பாய்லரில் விட வேண்டும். காய்ந்த எண்ணெய்ச் சட்டியில் ஈரக் கரண்டியைப் போட்டால் என்ன ஆகும் என்று வடை சுடுகிற எனக்கே தெரியும். அன்றைக்கு இன்னொரு லாரி கேட்டில் நின்றுகொண்டு ஹாரன் அடித்தது. தொட்டி காலியாக வேண்டும். தண்ணீர் இன்னும் வடியவில்லை என்று நீ சொன்னாய். "அதெல்லாம் பாத்துக்கலாம், பாய்லர்ல ஏத்துப்பா" என்றார் மானேஜர். நீ வால்வைத் திறந்தாய். உள்ளே போன தண்ணீர் ஆவியாகி எண்ணெயைப் பொங்க வைத்தது. பொங்கியது நெருப்பில் வழிந்தது. அதற்கு மேல் நான் எழுத மாட்டேன், அது உனக்குத்தான் தெரியும்.

கோபி இதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னான். உடனே கம்பெனி வக்கீல் எழுந்தார். என்ன சொன்னார் தெரியுமா? அந்தக் கம்பெனியில் பாய்லரே கிடையாதாம். இருப்பதன் பெயர் ரியாக்டராம். இல்லாத பாய்லரில் எண்ணெயை ஏற்று என்று ஒரு மானேஜர் எப்படிச் சொல்லியிருக்க முடியும் என்று கேட்டார். ஆகவே அப்படி ஓர் உத்தரவே இல்லை. ஆகவே நீயாகத்தான் வால்வைத் திறந்தாய். ஆகவே அது உன் கவனக்குறைவு. மூன்று ஆகவேயில் உன் சாவை உன் தலையிலேயே கட்டிவிட்டார்.

கோபி ஏதோ பொய் சொல்லி மாட்டிக்கொண்டவன் மாதிரி கையைப் பிசைந்துகொண்டு நின்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்னைப் பேசச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. நானே எழுந்து மானேஜரைப் பார்த்துக் கேட்டேன்.

"சார், எங்க தம்பிய பொட்டில வச்சிருக்க சொல்ல நீங்க மாலை எத்துக்கினு எங்க ஊட்டுக்கு வந்தீங்க. பாய்லராண்ட ஜாக்கிரதையா இருடான்னு எத்தினி தபா சொன்னேன்னு எங்கம்மா கையப் புடிச்சிக்கினு சொன்னீங்க. அது எந்த பாய்லர்?"

மானேஜர் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் மேசையைப் பார்த்தார். துக்க வீட்டில் வாய் தவறி ஏதாவது வந்திருக்கும் என்று கடைசியில் மானேஜர் முனகினார். துக்க வீட்டில் கூட உன் மேல் பழி போடத்தான் அந்த வாய்க்குத் தெரிந்திருக்கிறது, பார்த்தாயா? விசாரணை நடத்திய அதிகாரி இதையும் எழுதிக்கொண்டு விசாரணையைத் தள்ளி வைத்தார். வெளியே வந்ததும் கோபி, "அக்கா, இனிமே இன்னான்னு சொல்லணும், பாய்லரா ரியாக்டரா?" என்று கேட்டான். உன் வாயில் வருவதையே சொல்லு என்றேன்.

கம்பெனியைத் திரும்பவும் ஓட்டுகிறார்கள். உன்னைக் கொன்ற கலத்தைச் சரி பண்ணி, அதன் வயிற்றில் பெரிய வெள்ளை எழுத்தில் ரியாக்டர் என்று எழுதியிருக்கிறார்கள். இனி பாய்லர் என்று எவனாவது சொன்னால் வேலை கிடையாது என்று எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னாராம் மானேஜர். தண்ணீர் வடிக்கிற வரைக்கும் லாரி காத்திருக்கட்டும் என்று மட்டும் சொல்லவில்லை. ஒரு பெயிண்ட் டப்பா வாங்கினார்கள், அவ்வளவுதான் உன் சாவுக்கு அவர்கள் செய்தது. வெட்கமாக இருக்காதா இவர்களுக்கு?

இப்போது கேள். நேற்று கோபி போன் பண்ணினான். குரலே மாறியிருந்தது. மறுபடியும் ஒரு லாரி, மறுபடியும் வடியாத தொட்டி. மானேஜர் அவசரத்தில் பழைய வாய்ப்பழக்கத்தில் கத்தியிருக்கிறார், பாய்லரில் ஏற்றுங்கள் என்று. வால்வுக்குப் பக்கத்தில் நின்ற ஒருவரும் அசையவில்லை. கோபிதான் கேட்டிருக்கிறான்.

"நம்ம கம்பெனில பாய்லரே இல்லியே சார். எதுல ஏத்த சொல்றீங்க?"

யாரும் சிரிக்கவில்லையாம். மானேஜர் அறைக்குள் போய்விட்டார். தண்ணீர் முழுக்க வடிந்த பிறகுதான் வால்வைத் தொட்டார்களாம்.

போனை வைத்துவிட்டு ரொம்ப நேரம் அழுதேன், தம்பி. அன்றைக்கு உன் பக்கத்தில் இப்படி நாலு பேர் அசையாமல் நின்றிருந்தால் நீ இருந்திருப்பாயே. அந்தக் கோபம் எனக்கு யார் மேல் என்று கூடச் சொல்லத் தெரியவில்லை.

அடுத்த விசாரணைக்கு நேற்று அங்கே நின்ற எல்லோரும் வருகிறார்கள். நீயாகத் திறக்கவில்லை, திறக்கச் சொன்னார்கள். இதை அந்த அதிகாரி தன் கையால் எழுதுகிற வரைக்கும் திருவள்ளூருக்குப் போய்க்கொண்டே இருப்பேன். நாளைக்கு அம்மாவோடு வருவேன், மெழுகுவத்தி ஏற்றுவேன். ஆனால் நிம்மதியாகத் தூங்கு என்று மட்டும் உன்னிடம் சொல்ல மாட்டேன். அவர்கள் எழுதிய பிறகு சொல்கிறேன்.

உனக்காக வாயை மூடாத உன் அக்கா,
எஸ்தர்