உன் அறைக் கூரை பற்றிய சாட்சியம்

அன்பு மகளுக்கு,

நானும் அம்மாவும் இங்கே சௌக்கியம். நீ, மாப்பிள்ளை, குட்டி மூவரும் அங்கே அப்படியே இருக்க வேண்டும். சென்ற ஞாயிறு காலை பத்தரை மணிக்கு, மாடியில் உன் அறையிலிருந்து பச்சை வாளியை எடுத்துவிட்டு பெரிய நீல வாளியை வைப்பது என்று இந்த வீட்டில் ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. அந்த ஒரு மனது அம்மாவுடையது. தண்ணீர்த் தொட்டிக் குழாய் விரிசல் விட்டு, அடுத்த மாதம் நீ குட்டியோடு தங்க வேண்டிய அறையின் கூரை ஊறிப்போயிருக்கிறது. முட்டி வலியால் மாடி ஏறாத அம்மா, உனக்காக அறையை ஒழுங்குபடுத்த ஏறியபோதுதான் பார்த்தாள். வீட்டுக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதே, அவர்களே சரிசெய்து தரட்டும் என்று அன்றே விண்ணப்பம் போட்டாள்.

முப்பத்தொரு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காகக் கோர்ட்டில் நின்றவன் நான். நீயும் அங்கே அதே வேலையைத்தான் பார்க்கிறாய், உனக்குத் தெரியாததில்லை, தண்ணீர் திடீரென்று கொட்டினால் கம்பெனி கொடுக்கும், மெல்ல மெல்லக் கசிந்தால் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தது வீட்டுக்காரர் குற்றம். சுவர் இடிந்துபோன ஒரு டீச்சரம்மாவிடம், ஈரத்தை முதலில் எப்போது பார்த்தீர்கள் என்று மிகவும் மரியாதையாகக் கேட்டேன். ரெண்டு மாசமா இருக்குங்க சார் என்றார். நன்றி சொல்லி உட்கார்ந்துவிட்டேன், வழக்கு முடிந்தது. அன்று அம்மா என் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை சேதத்தை மதிப்பிட கம்பெனியின் சர்வேயர் வந்தார். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க, பிரசங்கம் பண்ணாதீங்க என்று அம்மா முன்பே எச்சரித்திருந்தாள். அவர் கேட்டது ஒரே கேள்வி, அதுவும் என் கேள்வி. அதை அவ்வளவு ஒழுங்காகக் கேட்டதில் மகிழ்ச்சி தாங்காமல் என் ஃபைலை எடுத்து நீட்டிவிட்டேன். பத்தொன்பது ஞாயிறு, பத்தொன்பது புகைப்படம், ஒவ்வொன்றிலும் கறையை ஒட்டி ஒரு ஸ்கேல், கீழே தேதி, என் கையெழுத்து. சார், இதை நான் எடுத்துக்கலாமா என்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். இப்படியொரு சாட்சி எதிர்த்தரப்பில் எனக்கு ஒருநாளும் வாய்க்கவில்லை. அவர் போனதும் அம்மா, பத்தொம்பது வாரம் ஸ்கேல் வெச்சு அளந்தீங்களே, ஒரு வாரமாவது பிளம்பருக்கு போன் பண்ணீங்களா என்று கேட்டாள். வாய்தா கேட்டேன், தரவில்லை.

நேற்று நிராகரிப்புக் கடிதம் வந்தது. நல்ல நடை. இரண்டாம் பத்தியில் டீச்சரம்மா வழக்கைப் பிழையில்லாமல் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள், பெருமையில் அம்மாவுக்கு உரக்கப் படித்துவிட்டேன். அந்த டீச்சரம்மா இப்ப எங்க இருக்காங்கன்னு தெரியுமா என்றாள். தெரியவில்லை.

கோர்ட்டில் குரலை உயர்த்தாதே, வேளைக்குச் சாப்பிடு. உங்கள் குளியலறைக் குழாய்க்குக் கீழே ஒருதரம் தடவிப் பார், ஈரம் இருந்தால் படம் எடுக்காதே, ஆளைக் கூப்பிடு. வழக்கெல்லாம் ஜெயித்து வீட்டில் மட்டும் தோற்று நீ நெடுங்காலம் நன்றாக இருக்க வேண்டும். குட்டிக்கு என் முத்தம். டிக்கெட் எடுத்ததும் தேதி எழுது, மறக்காதே.

அன்புடன்,
அப்பா

பி.கு.: பிளம்பருக்கு நீ வந்து போன பிறகுதான் நேரம் இருக்கிறதாம். நீயும் குட்டியும் கீழே அம்மாவோடு படுத்துக்கொள்ளலாம். என் கட்டிலை மாடிக்கு ஏற்றியாயிற்று, நீல வாளிக்கு இடப்பக்கம்.