மூன்றாம் தாள்

2024 ஜூலை 3, புதன்

எங்கள் படிப்பகத்தின் நூலகர் உம்முசல்மா சென்னைப் பயிற்சி வகுப்பிலிருந்து நான்கு தாள்கள் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். நூலகப் பணியாளர்களுக்கான கணினிக் குறிப்புகளாம். “படிச்சுப் பாருங்க டீச்சர், ரொம்ப யூஸ் ஆவுது.”

இரண்டு தாள் படித்தேன். கடவுச்சொல்லைச் சீட்டில் எழுதித் திரையில் ஒட்டாதீர்கள். வாசகர் எழுந்து போனதும் அவருடைய மின்னஞ்சல் மூடியிருக்கிறதா என்று பாருங்கள். முன்பின் தெரியாதவர் அனுப்பியதைத் திறக்காதீர்கள். புத்தி நல்ல புத்திதான். ஆனால் ஒரு வாக்கியமாவது முதுகு நிமிர்ந்து நிற்க வேண்டாமா? நடை சகிக்காமல் நிறுத்திவிட்டேன். இருபத்தொன்பது வருடம் பள்ளி நூலகத்தை நடத்திவிட்டு, ஓய்வுக்குப் பின் இங்கே சம்பளமில்லாமல் உதவ வருகிறவளுக்கு இதற்கு மேல் தேவையும் இல்லை.

2024 ஜூலை 5, வெள்ளி

நூற்பட்டியல் அட்டைகள் இருந்த பெட்டிகள் இன்று போய்விட்டன. இரண்டாவது கணினிக்கு இடம் வேண்டுமாம். படிப்பக அறக்கட்டளைச் செயலாளர் மாணிக்கவேல் தன் பட்டுக்கடை ஆளை அனுப்பி, பழைய பேப்பர்க்காரரின் வண்டியில் ஏற்றிவிட்டார். “எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சே மேடம், இன்னும் எதுக்கு?” என்று கேட்டார். உண்மைதான். நாலாயிரத்து முந்நூற்றுப் பதினெட்டுப் புத்தகங்களையும் உம்முசல்மா ஆறு மாதம் உட்கார்ந்து தட்டி முடித்திருக்கிறாள். நான் மறுத்துப் பேசவில்லை. கெஞ்சுவது எனக்கு வராது.

கான்வென்டில் சிஸ்டர் ஏஞ்சல் எங்களை அட்டை எழுதப் பழக்கிய விதம் நினைவுக்கு வந்தது. கறுப்பு மை, சாய்வில்லாத எழுத்து, ஓரத்திலிருந்து எட்டு எழுத்து தள்ளி ஆசிரியர் பெயர். அட்டைகளின் அடியில் ஒரு துளை, எல்லாத் துளைகளிலும் நுழைந்து போகும் பித்தளைக் கம்பி. கம்பியை உருவினால்தான் ஓர் அட்டை வெளியே வரும். இடம் மாற்றி வைத்த அட்டை காணாமல் போன புத்தகத்துக்குச் சமம் என்பார். சனிக்கிழமை மத்தியானங்களில் அந்த அறையில் மையும் தரைக்குப் போட்ட மெழுகும் மணக்கும். பதினான்கு வயதில் அதைவிட உயர்ந்த இடம் உலகத்தில் இருப்பதாக நான் நினைக்கவில்லை. இப்போதும், உண்மையைச் சொன்னால், நினைக்கவில்லை.

2024 ஜூலை 11, வியாழன்

உம்முசல்மா விடுப்பு. வாலாஜாபாத்தில் தங்கை மகளுக்கு நிச்சயம். நான் தனியாகக் கணினியில் உட்கார்ந்தேன். பட்டியல் எண் வரிசையில் கிடந்தது. எந்த நூலகப் பட்டியல் அப்படி இருக்கும்? தலைப்புகள் மேலிருந்து கீழாக நின்ற பத்தியைத் தேர்ந்தெடுத்து அகரவரிசையாக்கச் சொன்னேன். பக்கத்துப் பத்திகளையும் சேர்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்டது. அதிகப்பிரசங்கித்தனம். கேட்டதை மட்டும் செய் என்று அழுத்தினேன். செய்தது. சேமித்தேன். பென் டிரைவில் ஒரு பிரதியும் எடுத்து வைத்தேன். பழைய பிரதியின் மேலேயே எழுதட்டுமா என்றதற்கு, ஆம்.

எழுபத்தாறு வயதில் இது மோசமில்லை.

2024 ஜூலை 12, வெள்ளி

உம்முசல்மாவிடம் அகரவரிசையாக்கிவிட்டேன் என்றேன். “அப்படியா டீச்சர், சந்தோஷம்” என்றாள். வாசகர் கூட்டம், திறந்து பார்க்க அவளுக்கு நேரமில்லை.

2024 ஜூலை 15, திங்கள்

பிள்ளையார்பாளையத்திலிருந்து ராமராஜன் வந்தார். தறியை மகனிடம் விட்டுவிட்டுக் கோழிப்பண்ணை வைக்க யோசிக்கிறவர். கணினி சொன்ன எண்ணைப் பார்த்து நானே அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். அட்டையைப் பார்த்துவிட்டு, அங்கே படித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: “கோழி வளக்குறதுக்கு புக்கு கேட்டா குடும்பக் கட்டுப்பாடு குடுக்கறாங்கபா. இது கோழிக்கா, எனக்கா?”

சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. மேலும் இருபது புத்தகங்களைச் சரிபார்த்தேன். இருபதிலும் எண் வேறு, தலைப்பு வேறு. ஆறு மாதம் உட்கார்ந்து இந்த லட்சணத்தில் தட்டியிருக்கிறாள்.

2024 ஜூலை 16, செவ்வாய்

செயலாளருக்குக் கடிதம் எழுதி நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். ‘மன்னிக்க முடியாத அலட்சியம்’ என்று எழுதினேன். எழுதியதில் வருத்தமில்லை.

2024 ஜூலை 19, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. காமாட்சியம்மன் கோயில் கூட்டத்தில் ஆட்டோ நகரவில்லை. நடந்தே படிப்பகம் போனேன். மாணிக்கவேல் வந்திருந்தார். உம்முசல்மாவின் ஒப்பந்தம் இந்த மாதக் கடைசியோடு முடிகிறது, புதுப்பிக்கப் போவதில்லை என்று என்னிடம் தனியாகச் சொன்னார். “நீங்க சொன்னா சரியாத்தான் மேடம் இருக்கும்.”

அவளுக்கு மூன்று பிள்ளைகள். கணவருக்கு இடுப்பில் அறுவை நடந்ததிலிருந்து ஜரிகைக் கடை வேலையும் இல்லை. ஆனாலும் வேலை என்றால் வேலை.

அவள் நாள் முழுக்கப் பட்டியலைத் திறந்து வைத்துத் திரை முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

2024 ஜூலை 22, திங்கள்

பயிற்சித் தாள்களில் மூன்றாவது, இன்று என் மேசையில் எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது. தேநீர் வரும்வரை படித்தேன்.

‘ஒரு பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்தினால் அந்தப் பத்தி மட்டும் இடம் மாறும், மற்றவை அப்படியே நிற்கும். ஒவ்வொரு புத்தகத்தின் விவரமும் சிதறிவிடும். எப்போதும் முழு அட்டவணையையும் சேர்த்துக்கொள்ளவும். வேலை தொடங்குமுன் நாள் குறித்து ஒரு பிரதி எடுக்கவும். பழைய பிரதியின் மேல் எழுதாதீர்கள்.’

தேநீர் வந்தது. ஆறிப் போனது.

நான்தான். ஐயோ, நான்தான் பண்ணேன். எண் அங்கயே நிக்குது, தலைப்பு மட்டும் நடந்து போயிடுச்சு. சேத்துக்கட்டுமான்னு அது கேட்டுதே — கேட்டுதே. வேணாம்னு சொன்னது யாரு? பென் டிரைவையும் விட்டு வைக்கல. அட்டைகளும் இல்லை.

அவள் தட்டியது நாலாயிரத்து முந்நூற்றுப் பதினெட்டும் சரியாகவே இருந்திருக்கிறது.

2024 ஜூலை 23, செவ்வாய்

போகவில்லை. தலைவலி என்று சொல்லி அனுப்பினேன். தலைவலி இல்லை.

2024 ஜூலை 24, புதன்

இன்றும் போகவில்லை. என் கணவரை நினைத்துக்கொண்டிருந்தேன். கல்யாணமான புதிதில், மாலை பள்ளி விட்டதும் சைக்கிளை வெளியே நிறுத்திவிட்டு என் நூலகத்துக்கு வந்து உட்கார்ந்துகொள்வார். நான் அட்டை அடுக்கி முடிக்கும்வரை ஏதாவது ஒரு இழுப்பறையைத் திறந்து கதை படிப்பதுபோல அட்டைகளையே வரிசையாகப் படித்துக்கொண்டிருப்பார். ஒருநாள் ஓர் அட்டையில் ஆண்டு தப்பாக இருப்பதைக் காட்டினார். நான் அச்சகத்தைக் குறை சொன்னேன், புத்தகத்தைக் குறை சொன்னேன், வெளிச்சத்தைக் குறை சொன்னேன். சிரித்துக்கொண்டே, “உனக்கு விளக்கம் சொல்லத்தான் வரும் அம்சா, தப்புன்னு சொல்ல வராது” என்றார். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

அவர் போய் ஒன்பது வருடம் ஆகிறது. அந்த இரண்டு நாளை இன்று திருப்பிக் கேட்கத் தோன்றுகிறது.

2024 ஜூலை 25, வியாழன்

மாணிக்கவேல் கடைக்குப் போய்ச் சொன்னேன். முகூர்த்தப் புடவை எடுக்க வந்தவர்களை விட்டுவிட்டு உள்ளறைக்குக் கூட்டிப் போனார். கேட்டு முடித்ததும் கதவைச் சாத்தினார்.

“இத யார்கிட்டயும் சொல்லாதீங்க மேடம். உங்க பேரு என்னாவறது? எப்படியும் வேற ஆள் போடலாம்னு ஆயிடுச்சு. அந்தம்மாவும் கம்முனு தானே இருக்குது. அப்படியே போகட்டும் விடுங்க.”

வீடு வரும்வரை, அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். அதை இங்கே எழுதி வைக்கிறேன். மறைத்துப் பயன் இல்லை.

2024 ஜூலை 28, ஞாயிறு

நிர்வாகக் குழுக் கூட்டம். உம்முசல்மாவும் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். எழுதி வைத்ததை நின்றுகொண்டு படித்தேன். பதினோராம் தேதி பட்டியலைக் குலைத்தது நான். பிரதியை அழித்ததும் நான். பதினாறாம் தேதிக் கடிதத்தில் உள்ள குற்றச்சாட்டு பொய். நூலகர் மீது தவறில்லை. கூட்ட நடவடிக்கைப் புத்தகத்தில் ஏற்ற வேண்டும். கையெழுத்து, அம்சவேணி ஆனந்தகுமார். விளக்கம் எதுவும் சேர்க்கவில்லை. நடுவில் ஒருமுறை தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தேன்.

மாணிக்கவேல் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒப்பந்தம் ஒரு வருடம் நீட்டிக்கப்பட்டது.

வெளியே வந்து உம்முசல்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன்.

“ஃபைலைத் தொறந்து பாத்த அன்னிக்கே புரிஞ்சுது டீச்சர்.”

“ஏன் சொல்லவில்லை?”

“உங்க கடுதாசிய செயலாளர் எனக்குக் காட்டிட்டாரு. அதுக்கப்புறம் நான் உங்க பேரைச் சொன்னா யாரு நம்புவாங்க? அதான் அந்தத் தாளை எடுத்து மேல வச்சேன். படிச்சா உங்களுக்கே தெரியும்னு.” செருப்பை மாட்டிக்கொண்டாள். “அந்த ‘மன்னிக்க முடியாத’ன்னு எழுதினீங்களே, அதை வீட்ல எத்தனை தடவ நெனச்சிருப்பேன் தெரியுமா.”

தெரியாது என்றேன்.

2024 ஜூலை 30, செவ்வாய்

அலமாரி ஒன்று, முதல் தட்டு. நான் புத்தகத்தை எடுத்து எண்ணையும் தலைப்பையும் படிக்க, அவள் தட்டுகிறாள். நூற்றுப் பன்னிரண்டு முடிந்தது. தேவையானதற்கு மேல் அவள் பேசவில்லை.

2024 ஆகஸ்ட் 8, வியாழன்

ஆயிரத்து நானூறு தாண்டிவிட்டோம். மதியம் உம்முசல்மா தொழப் போனபோது என் பெயரில் நுழைந்து பட்டியலைப் பார்த்தேன்; ஓர் ஆசிரியரின் முதலெழுத்து தவறாக இருந்தது. திருத்தப் போனேன். கணினி விடவில்லை. இந்தப் பெயரில் நுழைந்தவரால் படிக்க மட்டுமே முடியும் என்றது.

அவள் வந்ததும் கேட்டேன்.

“நான்தான் டீச்சர் அப்படி வச்சேன்.” என் முகத்தை நேராகப் பார்த்தாள். “தப்பு இருந்தா சொல்லுங்க. நான் மாத்தறேன்.”

முதலெழுத்தைச் சொன்னேன். மாற்றினாள். அவள் இடத்தில் இருந்தால் நானும் இதைத்தான் செய்திருப்பேன். அதையும் சொன்னேன். லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது.

அடுத்த புத்தகத்தை எடுத்தேன். எண் ஆயிரத்து நானூற்று முப்பத்தாறு.

“கொஞ்சம் மெதுவா சொல்லுங்க டீச்சர்” என்றாள்.

மெதுவாகச் சொன்னேன்.