மைதானத்தைக் கடக்கும் வாளி

கொல்லிமலை,
20.7.2001

அன்புள்ள ராஜாமணி,

இல்லை, பொழுது போகாமல் இல்லை. ஒரு கட்டிலும் மருந்து அலமாரியும் உள்ள பள்ளிக்கூட அறையில் நாள் முழுக்க என்னதான் செய்வாய் என்று கேட்டிருக்கிறாய். சென்னையில் உன் சிறுநீரக வார்டிலிருந்து பார்த்தால் இது ஓய்வு மாதிரிதான் தெரியும். நர்ஸிங் கூடப் படித்தவள் நீ. அதனால் கோபம் வரவில்லை.

காலையில் முதலில் வருவது மோனிஷா. இரண்டாம் வகுப்பு. அம்மா கேரளத்தில் தோட்ட வேலையில் இருக்கிறாள். காய்ச்சல் என்பாள். இருக்காது. தெர்மாமீட்டரை வைப்பேன், எடுப்பேன், வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பேன், நெற்றியில் கை வைப்பேன். இல்லை கண்ணு என்பேன். போய்விடுவாள். அவளுக்கு மருந்து அவ்வளவுதான்.

பிறகு சிரங்கு. விடுதியில் ஒருத்திக்கு வந்தால் பக்கத்துப் பாய்களில் படுக்கிற எல்லோருக்கும் மருந்து பூச வேண்டும். பாய்களை வெயிலில் காயப்போட வேண்டும். இந்த மாதத்தில் இங்கே வெயிலுக்கு எங்கே போவது? போன வாரம் ஒருவன் மூக்கில் மிளகைத் திணித்துக்கொண்டு வந்தான். ஏன் என்று கேட்டேன். "சளி போறதுக்குங்க" என்றான்.

மதியத்துக்கு முன் பெரிய வகுப்புப் பெண்கள் வருவார்கள். அடிவயிற்று வலி. தலைவலி. சிலருக்குச் சிறுநீர் போகும்போது எரிச்சல், அதை வாயால் சொல்ல மாட்டார்கள், தரையைப் பார்ப்பார்கள். தலைமையாசிரியர் சசிதரன் ராசிபுரத்துக்காரர், நல்ல மனிதர். "கணக்கு வயித்துவலிங்க சிஸ்டர். அல்ஜீப்ரா முடிஞ்சா செரியாப் போயிரும்" என்கிறார்.

சுஜிதாவுக்கு அல்ஜீப்ரா முடிந்தும் சரியாகவில்லை. எட்டாம் வகுப்பு. திண்ணனூர் நாட்டில் (சில ஊர்கள் சேர்ந்ததை இங்கே நாடு என்பார்கள்) ஒரு சிற்றூர், இங்கே விடுதியில் இருக்கிறாள். பள்ளி திறந்ததிலிருந்து மூன்றாவது காய்ச்சல். சிறுநீரைப் பிடித்துக் குப்பியை ஈரத்துணியில் சுற்றி, கீழே பரிசோதனைக்கூடத்தில் கொடுக்கச் சொல்லி பஸ்ஸில் அனுப்பினேன். கண்டக்டர் மோந்து பார்க்கப் போனார். "மலைத்தேனுங்களா சிஸ்டர்?" என்றார். ஆமாங்க, ஆனால் திறந்து மட்டும் பார்த்துராதீங்க என்றேன். நீ சிரிப்பாய் என்று தெரியும். நானும் அறைக்குள் வந்து சிரித்தேன். முடிவு வந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. சிறுநீர்ப் பாதையில் கிருமி. ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார், தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னார். மறுபடி மறுபடி வந்தால் எங்கே போய் முடியும் என்று உனக்கு நான் எழுத வேண்டியதில்லை.

பெண்களைக் கேட்டேன். பகலில் யாருமே தண்ணீர் குடிப்பதில்லை. ராத்திரி சாப்பாட்டோடு ஒரு டம்ளர், அவ்வளவுதான். ஏன் என்று கேட்டேன். தாகம் எடுக்காதுங்க என்றாள் ஒருத்தி.

அதனால் தண்ணீர் மணி வைத்தேன். காலையில் ஒரு தடவை, மதியத்துக்கு முன் ஒரு தடவை. மணி அடித்தால் ஒவ்வொருவரும் என் கண் முன்னால் ஒரு டம்ளர். சசிதரன் சாருக்குப் பிடித்திருந்தது. எனக்கு அதைவிடப் பிடித்திருந்தது. நோயைக் கண்டுபிடித்தாயிற்று, வழியும் கண்டுபிடித்தாயிற்று.

நேற்று மூன்றாவது பீரியடில் சுஜிதாவின் பாவாடை நனைந்துவிட்டது. பெஞ்சிலிருந்து தரைக்கு. முதலில் யாரோ ஒரு பையன் சிரித்திருக்கிறான், பிறகு எல்லோரும். புத்தகப் பையைக்கூட எடுக்கவில்லை. மழையில் ஒற்றையடிப் பாதையில் இறங்கி வீட்டுக்குப் போய்விட்டாள். நல்லபடியாக வீடு சேர்ந்தாள் என்று இன்று காலை தகவல் வந்தது. கூடவே அவள் அப்பா சொன்னதும் வந்தது. இனிமேல் அனுப்ப மாட்டாராம்.

மாத்திரை பாதியில் நிற்கிறது. மீதி அவள் பெட்டியில் இருக்கிறது. படிப்பும் பாதியில். இரண்டில் எது முதலில் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

நாளை விடிந்ததும் போகிறேன். மணி வைத்தவள் நான். கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன். அதில் சந்தேகம் இல்லை. எப்படி என்பதுதான் இன்னும் தெரியவில்லை.

உன்,
ஹேமலதா


கொல்லிமலை,
3.9.2001

அன்புள்ள ராஜாமணி,

கூட்டிக்கொண்டு வரவில்லை. இந்த விஷயத்தில் நான் செய்த முதல் சரியான காரியம் அதுதான் என்று நினைக்கிறேன். நீ இரண்டு கடிதத்தில் கேட்டும் பதில் போடாததற்குக் காரணம், சொல்ல எதுவும் முடிந்திருக்கவில்லை. இப்போது சொல்கிறேன்.

அன்று போனபோது அவள் அம்மா காளியாத்தாள் சாமைக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. மாத்திரையைக் கொடுக்க வந்தேன் என்றேன். அப்போதுதான் நிமிர்ந்தாள்.

"மாத்தரைய வெச்சுட்டுப் போங்க சிஸ்டர். நேரத்துக்குக் குடுக்கறேன். புள்ளையக் கேக்காதீங்க" என்றாள். பிறகு அவளே தொடர்ந்தாள். "எங்க ஊட்டச் சுத்திக் காடு கெடக்குதுங்க. புதர் இருக்குது, ஓடை இருக்குது. உங்க பள்ளிக்கூடத்துல என்னங்க இருக்குது? வயசுக்கு வந்த புள்ளைங்க."

கழிப்பறை இருக்கிறது என்றேன். சொல்லும்போதே குரல் எனக்கே சரியாகப் படவில்லை.

அப்பா பொன்னுசாமி பேசவே இல்லை. எனக்குப் பலாச்சுளை கொடுத்தார், சாப்பிட்டு முடிக்கும்வரை நின்றார். அது மரியாதை. இனி நீங்கள் போகலாம் என்று சொன்னதும் அதுதான்.

சுஜிதா ஓடையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஒரு சட்டியை எடுத்தேன். கழிப்பறைக் கதவு பழுதா கண்ணு என்று கேட்டேன். இல்லை. உள்ளே அழுக்கா? இல்லை. பூச்சி, பாம்பு? அதற்குச் சிரித்தாள். இங்கே இல்லாத பாம்பா.

"வாளிங்க" என்றாள்.

முன்பக்கம் குழாய். பின்பக்கம் கழிப்பறை. நடுவில் மைதானம். போக வேண்டும் என்றால் குழாயில் வாளியை நிரப்பிக்கொண்டு அவ்வளவு பெரிய மைதானத்தைக் கடந்து போக வேண்டும். வாளியோடு ஒரு பெண் நடந்தால் எதற்கு என்று எல்லோருக்கும் தெரியும். பையன்களுக்கு வகுப்பு ஜன்னல் மைதானத்தைப் பார்த்துத்தான். "தண்ணி லாரி வருது, ஒதுங்குங்கடா" என்று கத்துவார்களாம். ஆரம்பித்தவன் ஒன்பதாம் வகுப்பு விஷ்ணு. அதனால் பெண்கள் விடியுமுன் ஒரு தடவை, இருட்டிய பின் ஒரு தடவை. நடுவில் குடிப்பதில்லை. நான் மணி வைத்த பிறகு வாயில் வைத்திருந்து பலாமரத்தடியில் துப்பியிருக்கிறார்கள். சுஜிதா மட்டும் நான் சொன்னபடி விழுங்கினாள். மாத்திரை சாப்பிடுகிற பெண் அல்லவா, சிஸ்டர் பேச்சைக் கேட்க வேண்டும் என்று நினைத்திருக்கிறாள்.

பிறகு ஒன்று கேட்டாள். குறும்பாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான்.

"நீங்க எங்கீங்க சிஸ்டர் போவீங்க?"

என் குவார்ட்டர்ஸுக்கு. பக்கத்திலேயே இருக்கிறது, பூட்டு சாவியோடு. பள்ளிக் கழிப்பறைக்குள் நான் ஒரு நாளும் போனதில்லை. சட்டியை இன்னொரு தடவை தேய்த்தேன்.

வா என்று சொல்லவில்லை. மாத்திரையை முடி, தண்ணீரைக் காய்ச்சி நிறையக் குடி, இங்கே காடு இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

திங்கட்கிழமை இடைவேளையில் நானே வாளியை நிரப்பிக்கொண்டு மைதானத்தில் நடந்தேன். பின்னாலிருந்து "தண்ணி லா" என்று ஒரு குரல் கிளம்பி, யார் என்று தெரிந்ததும் நின்றது. அந்த அரை வார்த்தைக்கே முதுகு கூசியது. பாதி தூரத்தில் வாளி கனக்கத் தொடங்கியது. கழிப்பறை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பிவிட்டேன். உள்ளே போகவில்லை. ஜன்னல்களில் முப்பது கண்கள்.

பின்பக்கம் குழாய் வைக்கலாமே என்பாய். கேட்டேன். அங்கே தண்ணீர் ஏறாது, மோட்டார் வேண்டும், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார் சசிதரன் சார். பையன்களைக் கூப்பிட்டுத் திட்டலாம். திட்டினால் கத்துவது நிற்கும், பார்ப்பது நிற்காது. ஒரு வாரம் யோசித்தேன். வாளி எங்கே போகிறது என்பது தெரியக் கூடாது. வாளியை மறைக்க முடியாது. அப்படியென்றால் எல்லோர் கையிலும் வாளி இருக்க வேண்டும்.

கழிப்பறைக்குப் பக்கத்தில் கீரைப் பாத்தி போட அனுமதி கேட்டேன். "மருந்து குடுக்க வந்தீங்களா, வெவசாயம் பண்ண வந்தீங்களா?" என்றார் சார். பிள்ளைகளுக்கு ரத்தம் குறைவு, கீரை வேண்டும் என்றேன். பொய்யில்லை. மீதி உண்மையையும் மாலையில் போய்ச் சொன்னேன். மேஜையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். அவருக்கும் ஏழாவது படிக்கிற பெண் இருக்கிறாள். மறுநாள் அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து வரும்போது கழிப்பறைக் கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் வாங்கி வந்திருந்தார். விலை சொல்லவில்லை.

இப்போது தண்ணீர் மணிக்கு அடுத்த பீரியடு முடிந்ததும் பாத்தி மணி. ஆணும் பெண்ணும் ஆளுக்கொரு வாளி. வாளியோடு பின்பக்கம் போகிறவர்களில் யார் கீரைக்கு, யார் தனக்கு என்று யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள நேரமும் இல்லை, அவரவர் வாளி தளும்புகிறது. பையன்களுக்குத் தூரத்துப் பாத்தி, பெண்களுக்குக் கதவுப் பக்கத்துப் பாத்தி. அந்தக் கோட்டை நான் போட்டேன். முதல் நாளே விஷ்ணு மைதானத்து நடுவில் வழுக்கி வாளியோடு விழுந்தான். பெண்கள் பக்கத்திலிருந்து சத்தம் வந்தது: "தண்ணி லாரி கவுந்துருச்சு டோய்!" அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நான் கேட்கவில்லை.

தகவல் எப்படிப் போனது என்று தெரியாது. அந்த ஊர்ப் பிள்ளைகள் யாரோ சொல்லியிருப்பார்கள். போன திங்கட்கிழமை காளியாத்தாள் சுஜிதாவோடு வந்து நின்றாள். தோளில் ஒரு வாழைக் கன்று. "அவங்கப்பன் குடுத்துவுட்டாருங்க. இதையும் அங்கியே வெய்ங்க. எலை விரிஞ்சா நல்லா மறப்பா இருக்கும்" என்றாள். பேசாத மனிதர் எல்லாவற்றையும் புரிந்துகொண்டிருந்தார். கிளம்பும்போது மகள் தலையைத் தடவி, "தண்ணி குடி சாமி" என்றாள்.

அன்று பாத்தி மணிக்கு சுஜிதா வாளியோடு போனாள். நான் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதும் இங்கே ஒரு வேலை. மறுபரிசோதனை முடிவு சனிக்கிழமை வந்தது. சுத்தம். மதிய வயிற்றுவலிக்கு இப்போது ஒருத்திதான் வருகிறாள். அவளுக்கு நிஜமாகவே கணக்குதான்.

ராஜாமணி, உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். உன் வார்டுக்குப் பள்ளிக்கூடத்துப் பெண் யாராவது வந்தால், வேளை வேளைக்கு மருந்து கொடு, எல்லாம் செய். அதோடு, அம்மாவையும் டாக்டரையும் வெளியே அனுப்பிவிட்டு, பகலில் எங்கே போவாய் என்று ஒரு தடவை கேள். உடனே சொல்ல மாட்டாள். கையில் ஏதாவது வேலை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார். அவசரப்படாதே. உடம்பைப் பார்த்துக்கொள். நீயும் தண்ணீர் குடி.

என்றும் உன்,
ஹேமலதா

பி.கு. இதை மடிப்பதற்குள் பாத்தி மணி அடித்துவிட்டது. என் வாளியை எடுத்துக்கொண்டு பிள்ளைகளோடு மைதானத்தில் நடந்தேன். வாழைக்குப் பாதி ஊற்றினேன். மீதியோடு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டேன்.