பத்தாயிரத்து ஒன்று பகா எண் அல்ல

மார்ச் 11, செவ்வாய், இரவு

கோபம் அடங்கவில்லை. சோழவந்தானில் இன்று பள்ளிகளுக்கு நடந்த கணிதப் போட்டியில் என் கணவர்தான் நடுவர். கடைசிக் கேள்வி, 10001 பகா எண்ணா என்பது. என் மாணவி மும்தாஜ் எழுந்து, "இல்ல சார், எழுபத்து மூணால வகுபடும்" என்றாள். இவர் விடைக்குறிப்பைப் பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே "தப்பு" என்றார். கோப்பை வேறு பள்ளிக்குப் போனது.

பைக்கில் திரும்பும்போது, 73-ஐ 137-ஆல் பெருக்கிப் பாருங்கள் என்றேன்.

"மேடையிலயே போட்டுப் பாத்துட்டேன். ஆன்சர் கீ தப்புன்னு சொல்லி, பொண்டாட்டி ஸ்கூலுக்கே கப்பைக் குடுத்தா நாலு பேரு என்ன பேசுவாங்க?"

தெரியாமல் செய்திருந்தால்கூட மன்னித்திருப்பேன். தன் பெயரைக் காப்பாற்ற ஒரு பிள்ளையை முட்டாளாக்கியிருக்கிறார்.

இரவு நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மும்தாஜே ஃபோன் செய்தாள். "நான் சொன்னது சரிதானே மிஸ்? அப்புறம் ஏன் சார் சிரிச்சாரு?"

ஃபோனை அவரிடம் நீட்டினேன். வாங்காமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காதில் விழும்படி சொன்னேன்: "நீ சொன்னது சரிம்மா. சாருக்கும் அது தெரியும்."

அவள் "சரி மிஸ்" என்று வைத்துவிட்டாள்.

நாளைக்குப் போட்டி நடத்தியவர்களிடம் நானே போய்ச் சொல்வேன். யார் என்ன வேண்டுமானாலும் பேசட்டும்.