முதல் மீட்டர் இல்லாத டேப்

மேசைமேல் டேப் கிடக்கிறது. தோல் உறை வெடித்துப்போய், மழையில் நனைந்து காய்ந்த செருப்பின் வாசனை அடிக்கிறது. உறையின் முதுகில் எங்கள் பள்ளிக்கூடத்தின் பெயர் நீல மையில் இருக்கிறது. எழுதியது நான்தான். பாதி அழிந்த பிறகும் என் கையெழுத்தை எனக்கு அடையாளம் தெரிகிறது. "ரெண்டு நாள்ல கொண்டாந்து தந்தர்றனுங்க டீச்சர்" என்று சொல்லி வாங்கிப் போனீர்கள். இருபது வருஷத்துக்கு மேலாயிற்று. உங்கள் கருமாதி முடிந்த நாலாம் நாள், உங்கள் மகள் சுகன்யா கொண்டுவந்து தந்தாள்.

"அப்பாவோட தகரப்பொட்டியில இருந்துதுங்க டீச்சர். ஸ்கூல் சாமான், நாம வெச்சிருந்தா தப்பில்லீங்களா?" என்றாள். "ஆனா நுனியில என்னமோ தெச்சு வெச்சிருக்காருங்க. எதுக்குன்னு தெரியல."

இழுத்துப் பார்த்தேன். பழைய துணி டேப்பின் நுனியில், பச்சைக் கரை போட்ட உங்கள் வேட்டியிலிருந்து கிழித்த ஒரு பட்டை. கோணி ஊசியால், சாக்குத் தைக்கிற சணலில், இரண்டு மடங்காகத் தைத்திருந்தீர்கள். பட்டையின்மேல் பத்துப் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு. என் மரஸ்கேலை எடுத்து வைத்துப் பார்த்தேன். பட்டை சரியாக ஒரு மீட்டர்.

என்னைத் தெரியும் உங்களுக்கு. நான் கணக்கு டீச்சர். விடை சரியாக வந்திருந்தால்கூட வந்த வழியைப் பார்க்காமல் மார்க் போட்டதில்லை. பக்கத்துத் தாளைப் பார்த்து எழுதுகிற பிள்ளைக்கும் விடை சரியாகத்தான் வரும். நடுவில் ஒரு வரி மட்டும் காணாமல் போயிருக்கும். அந்தக் காணாமல் போன வரியைத் தேடித் தேடியே முப்பத்து மூன்று வருஷம் போனது. உங்கள் விஷயத்தில் அந்த வரி என் அலமாரியிலேயே இருந்தது என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

சுகன்யா அப்போது ஒன்பதாம் வகுப்பு. எங்கள் பி.டி. சார் அவளைப் பற்றிச் சொன்னது இரண்டே சொல்: "நல்லா ஓடறா." அந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு நீங்கள் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரயில்வே வேலை வரைக்கும் போய்விட்டீர்கள். பால் சொசைட்டியில் கேனை இறக்கி வைக்கும்போதே ஆரம்பித்துவிடுவீர்கள். ஒருநாள் கோயம்புத்தூர் போய், முதுகில் இந்தியா என்று எழுதிய டிராக் சூட் வாங்கி வந்தீர்கள். இரண்டு அளவு பெரிது. அவள் கை விரல்கள் வெளியே தெரியவில்லை.

"ஏனுங்ணா, இது அவளுக்குத் தொளதொளன்னு இருக்குதே?" என்று கேட்டேன்.

"அவ அங்க போய்ச் சேர்றதுக்குள்ள வளந்துருவாளுங்க டீச்சர்" என்றீர்கள். சிரிக்காமல் சொன்னீர்கள்.

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து எங்கள் பள்ளிக்கு மைதானம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுதான் இருந்தது. அதிலும் பாதி புதிய கட்டடத்துக்குப் போய்விட்டது. உங்கள் நிலத்தை ஒட்டிப் போகும் பாசனக் கனாலின் கரை நேராக, நீளமாக இருக்கும். நான் தினமும் பள்ளிக்கு நடந்து வருகிற வழி அது. மதகு ஷட்டரிலிருந்து புளியமரம் வரைக்கும் நானூறு மீட்டர் அளந்து கல் நட வேண்டும் என்று என்னிடம் டேப் கேட்டீர்கள். எடுத்துக் கொடுத்தேன். மணி அடித்துவிட்டது. வகுப்புக்கு ஓடினேன்.

கரையில் அவள் அறுபத்தொரு விநாடியில் ஓடினாள். அந்த நேரத்தை வாயில் போட்டுக்கொண்டு நீங்கள் ஊரெல்லாம் சுற்றினீர்கள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள், நீங்கள் ஸ்டாப் வாட்ச் பொத்தானைச் சீக்கிரம் அமுக்குகிறீர்கள் என்று சந்தேகப்பட்டேன். ஒரு சனிக்கிழமை காலையில் என் கடிகாரத்தோடு புளியமரத்துக்குப் பின்னால் போய் நின்றேன். நீங்கள் ஷட்டரில் கையைத் தூக்கி இறக்கியது தெரிந்தது. எனக்கும் அறுபத்தொன்றுதான் வந்தது. உடனே காற்றைச் சந்தேகப்பட்டேன். மலைக் கணவாய் வழியாக வரும் மார்கழிக் காற்று முதுகில் தள்ளினால் ஆடுகூட வேகமாகத்தான் ஓடும். எதிர்த் திசையில் ஓடவிட்டுப் பார்க்கச் சொன்னேன். காற்றில்லாத நாளாகப் பார்த்து நீங்களும் விட்டீர்கள். பெரிதாக ஒன்றும் மாறவில்லை. எல்லாவற்றையும் சந்தேகப்பட்ட நான், தரையைச் சந்தேகப்படவில்லை.

உபஜில்லா விளையாட்டு மீட்டில் மழை. மைதானம் சேறு. இரண்டாவதாக வந்தாள். நேரத்தை யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. ஜில்லா மீட்டுக்கு நானும் கூட வந்தேன், பெண்பிள்ளைகளோடு ஒரு டீச்சர் போக வேண்டும் என்பதால். வெயில் பளிச்சென்று அடித்தது. ஐந்தாவதாக வந்தாள். அறுபத்து மூன்றும் சொச்சமும். முதலில் வந்தது ஆனைகட்டிப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி.

திரும்பி வரும்போது வேனில் நீங்கள் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது.

"ஏன் அம்முணி, அந்த ஆனைகட்டிப் புள்ள உனக்கு என்ன வேணும்?"

"ஒறவெல்லாம் ஒண்ணுமில்லீங்ப்பா. காலைல சாப்பிடலைன்னு சொன்னா. பிஸ்கட் குடுத்தேன்."

"பிஸ்கட்ட மட்டுந்தான் குடுத்தயா?"

வேனில் பாட்டுப் பாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் நிறுத்திவிட்டார்கள். பி.டி. சார் முன் சீட்டிலிருந்து திரும்பினார். "ஏனுங்க, மிச்சம் வெக்காமத்தான் ஓடுச்சு புள்ள. நான் பாத்துட்டுத்தானுங்க இருந்தேன்."

"நானும் பாத்துட்டுத்தானுங்க இருந்தேன்" என்றீர்கள். "வாட்சு ஆரு கையில இருந்துதுன்னும் பாத்தேன்."

அன்றிலிருந்து உங்கள் கணக்கில் யாருமே தப்பவில்லை. வாட்ச் பிடித்தவர்கள், பி.டி. சார், ஆனைகட்டிப் பிள்ளை, கடைசியில் உங்கள் மகள். கரையில் அறுபத்தொன்று ஓடுகிறவள் மைதானத்தில் ஏன் ஓடவில்லை? ஒன்று, அங்கே திருடுகிறார்கள். இல்லையென்றால் இவள் திருடுகிறாள். மூன்றாவது வழி ஒன்று இருக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

அந்த வாரம் அவள் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றாள். "டீச்சர், நான் நெசமாவே வேணும்னு மெதுவா ஓடுனனுங்களா?" என்று என்னிடம் கேட்டாள். தான் செய்ததா இல்லையா என்று தனக்கே தெரியாமல் ஒரு பிள்ளை பிறரிடம் கேட்கிறது என்றால், அதை எந்த அளவுக்கு நெருக்கியிருக்க வேண்டும். நான் அவள் தலையைத் தடவிவிட்டுச் சொன்னேன்: "பயம் கண்ணு. கூட்டத்தப் பாத்துப் பயந்திருப்பே. எல்லாருக்கும் வர்றதுதான்."

ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னேன். அவள் அதை அப்படியே எடுத்து வைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகும் நாலைந்து மாதம் கரையில் ஓடினாள். ஓட்டத்தின் நடுவில் திரும்பித் திரும்பி உங்கள் முகத்தைப் பார்த்தாள். பத்தாம் வகுப்பு தொடங்கியதும் முட்டி வலிக்கிறது என்றாள். நீங்கள் அந்த வலியையும் நம்பவில்லை. ஷூவைக் கழுவி, காய வைத்து, பரண்மேல் போட்டுவிட்டாள்.

அந்த ஆடி மாதம்தான் பள்ளிக்குப் புதிய டேப் வந்தது. கோ-கோ களத்துக்குக் கோடு போட வேண்டும். நுனியைப் பியூன் நீட்ட, நான் வழக்கம்போல ஒன்று என்ற இடத்தை முளையில் வைத்துப் பிடித்தேன். பியூன் விழுந்து விழுந்து சிரித்தார். "டீச்சர், இது புது டேப்புங்க, சைபர்ல இருந்தே புடிங்க! அந்த ஆட்டு டேப்பு நெனப்பாட்டம் இருக்குது!"

டேப் வாங்கிப் போனபோது உங்களுக்கு இது தெரிந்திருக்க வழியில்லை. பழைய டேப்பின் முதல் மீட்டரை எப்போதோ ஒரு ஆடு மென்றுவிட்டது. மிச்சத்தை ஒட்ட வெட்டிவிட்டோம். டேப் ஒன்று என்ற எண்ணிலிருந்துதான் தொடங்கும். வந்த அளவில் ஒன்றைக் கழித்துக்கொள்வது எங்கள் பள்ளியின் வழக்கம். பல வருஷம் அப்படியே செய்து, அது ஒரு குறை என்பதையே நாங்கள் மறந்துபோயிருந்தோம். கண்ணாடி போட்டவர் மூக்கின்மேல் கண்ணாடி இருப்பதை மறந்துவிடுவதுபோல. அந்த டேப்பைத்தான், ஒரு வார்த்தை சொல்லாமல், உங்கள் கையில் கொடுத்துவிட்டு வகுப்புக்கு ஓடினேன். முப்பது மீட்டர் டேப் அது; முப்பது முப்பதாக நீங்கள் அளந்த ஒவ்வொரு தடவையும் ஒரு மீட்டர் போயிருக்கிறது. பதினான்கு தடவை வைத்திருப்பீர்கள். அன்று சாயங்காலமே பியூனைக் கூட்டிக்கொண்டு போய்ப் புதிய டேப்பால் கரையை அளந்தேன். கல்லுக்குக் கல் முந்நூற்று எண்பத்தாறு மீட்டர். அவள் வேகத்துக்குப் பதினான்கு மீட்டர் என்பது இரண்டு விநாடிக்கு மேல். வாட்ச் பிடித்தவர்கள் திருடவில்லை. அவளும் திருடவில்லை. இரண்டு இடத்திலும் அவள் ஒரே ஓட்டம்தான் ஓடியிருந்தாள்.

நேராக உங்கள் மாட்டுக்கொட்டகைக்கு வந்தேன். பால் கறந்துகொண்டிருந்தீர்கள். நான் சொல்லச் சொல்ல உங்கள் கை நிற்கவேயில்லை. முடித்து, எழுந்து, வாளியை ஓரமாக வைத்தீர்கள்.

"பி.டி. சார் சொல்லி அனுப்பிச்சாருங்களா?"

"இல்லீங்ணா. தப்பு என்மேல. டேப்பை நாந்தான் சொல்லாமக் குடுத்துட்டேன்."

"நாப்பது வருசமா வரப்பு பாக்கறவன் நான். பதினாலு மீட்டர் கொறஞ்சா எங்கண்ணுக்குத் தெரியாதுங்களா?" கையைத் துண்டில் துடைத்தீர்கள். "எம்புள்ளைக்கு அவ்வளவுதான் ஓட்டம்னு சொல்றதுக்கு எத்தன நாளுங்க டீச்சர் யோசிச்சீங்க?"

அதோடு என்னோடு பேச்சு நின்றது. எதிரே வந்தால் தலையை ஆட்டுவீர்கள், அவ்வளவுதான். நானும் ரோஷத்தில் இருந்துவிட்டேன். சுகன்யாவிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஓட்டத்தை விட்டுவிட்ட பிள்ளையிடம் போய், நீ அத்தனை வேகம் ஒருநாளும் ஓடியதில்லை என்று எப்படிச் சொல்வது என்று எனக்கு நானே ஒரு நியாயம் வைத்துக்கொண்டேன். இன்று அந்த நியாயத்தின் மேலேயே எனக்குச் சந்தேகம். என் தப்பு வெளியே வரக்கூடாது என்பதுதான் அதற்குள் இருந்த சங்கதியோ?

இன்று காலை சொன்னேன். உங்கள் வேட்டிப் பட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, ஆட்டிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். சுகன்யா பட்டையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். பிறகு கேட்டாள்:

"அப்ப, நான் பயப்படலீங்களா டீச்சர்?"

"இல்ல கண்ணு."

"பயந்தாங்கொள்ளின்னே நெனச்சிட்டிருந்தனுங்க. கவர்மெண்ட் வேலைக்கு எழுதற பி.எஸ்.சி. பரீட்சை ஹால் வாசல் வரைக்கும் போயிட்டு ரெண்டு தடவ திரும்பி வந்திருக்கேன். எப்படியும் உள்ள போனா காலு கட்டிக்கும்னு." அழுவாள் என்று நினைத்தேன். பட்டையின் தையலை விரலால் எண்ணிக்கொண்டிருந்தாள். "நான் ஓட்டத்த உட்டதுக்கப்பறம் அப்பா ஒருநாள் அந்தப் புளியமரத்துக் கல்லைப் பேத்துத் தள்ளி நட்டாருங்க. எதுக்குங்ப்பான்னேன். வயலுக்குத் தண்ணி போற வாய்க்காலுக்கு எடஞ்சல்னாரு. கனால் தவிர அங்க வேற வாய்க்காலே இல்லைங்க டீச்சர்."

ஆக, என்னை நம்பினீர்கள். நான் போன பிறகு எங்கேயோ ஒரு மீட்டர் அளவு வாங்கி, வேட்டியைக் கிழித்து, டேப்பை முழுசாக்கி, கரையை மறுபடி அளந்து, கல்லைச் சரியான இடத்தில் நட்டிருக்கிறீர்கள். அந்தக் கல்லை ஓடித் தொட அதற்குள் ஆள் இல்லை. மகளிடம் ஒரு வார்த்தை சொல்ல உங்களால் முடியவில்லை. வாங்கிய டேப்பைத் திருப்பிக் கொடுக்கவும் முடியவில்லை. கொடுத்தால் நான் நுனியைப் பார்த்திருப்பேன்.

சாயங்காலம் மூன்று பேரும் கரைக்குப் போனோம். சுகன்யா, அவள் பத்து வயது மகள், நான். ஷட்டரில் உங்கள் வேட்டி நுனியைச் சுகன்யா பிடிக்க, நான் மறுமுனையோடு நடந்தேன். பதினான்கு தடவை. கடைசித் தடவை நான் குனிந்து பார்த்தபோது உங்கள் கல் அங்கே இல்லை. ஒரு சாண் தள்ளி இருந்தது. இரண்டு தடவை சரிபார்த்தேன். ஒரு சாண் கூடுதல்தான்.

"அப்பா அப்டித்தானுங்க" என்றாள் சுகன்யா. "பாலூத்துனாக்கூட அளவுக்கு மேல ஒரு சொட்டு ஊத்துனாத்தான் அவருக்கு நிம்மதி."

அப்படித்தானா? இல்லை, இனி உங்கள் மகள் ஓடியது குறைந்த தூரம் என்று யாரும், நான்கூட, வாய் திறக்கக்கூடாது என்றா? துணி இழுபட்டதால் வந்த பிழையா? உங்களைக் கேட்க முடியாது. அந்த ஒரு சாண் எனக்கு விடை வராத கணக்காக மிஞ்சிவிட்டது.

நாங்கள் டேப்பைச் சுருட்டிக்கொண்டிருக்கும்போது உங்கள் பேத்தி ஷட்டருக்குப் போய், யாரும் சொல்லாமல், கல்லை நோக்கி ஓடி வர ஆரம்பித்தாள். நன்றாகத்தான் ஓடினாள். அந்த இரண்டு சொல்லை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. சுகன்யாவின் கை பைக்குள் போனது. போனை எடுத்து நேரம் பார்க்கப் போகிறாள் என்று நினைத்து, அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். என் புத்தி அது, போகாது.

அவள் எடுத்தது தண்ணீர் பாட்டில்.

பிள்ளை கல்லைத் தொட்டுவிட்டு மூச்சிரைக்க வந்தாள். "அம்மா, எத்தன நேரமாச்சு?"

"ஆரு பாத்தா?" என்றாள் சுகன்யா. மூடியைத் திருகி நீட்டினாள்.

டேப்பைப் பள்ளியில் ஒப்படைக்க வேண்டும் என்று அவள் சொல்கிறாள். நான் என்னிடமே வைத்துக்கொள்ளப் போகிறேன். அதில் ஒரு மீட்டர் உங்களுடையது. அது இல்லாமல் போனதற்குப் பொறுப்பு என்னுடையது. சாயங்காலம் கரையில் நின்றபோதுகூட, முதல் தடவை நான் டேப்பை எடுத்ததும், என் விரல் உங்கள் வேட்டியைத் தாண்டிப் போய், ஒன்று என்ற எண்ணைத்தான் தேடிப் பிடித்தது.