தள்ளச் செடி

ஆரியசாலை,
திருவனந்தபுரம்.
18.6.1998

அன்புள்ள அத்தானுக்கு,

பொன்னம்மை எழுதுவது. நான் சுகம். மஸ்கட் வெயிலில் நீங்களும் சுகமாக இருக்க பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன்.

மொட்டைமாடியில் இருந்த சிவப்பு அந்தூரியம் இரண்டும் போய்விட்டன. கோவில்பட்டியிலிருந்து வந்திருக்கும் உங்கள் அண்ணன் குப்பை வண்டியில் ஏற்றிவிட்டார். விதை எடுக்கும் தாய்ச்செடியை அடுத்த வீட்டு லீலாபாய் மலையாளத்தில் 'தள்ள' என்பாள், தாய் என்று அர்த்தம். நானும் அந்தத் தொட்டிகளில் அப்படியே தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருந்தேன். தள்ள வேண்டிய செடி என்று அவர் படித்துவிட்டார். கேட்டால், நீதானே எழுதி வச்சிருக்க என்கிறார்.

அன்றைக்கு அழுதேன். பிறகு மாடிக்குப் போய் நாற்றுகளை எண்ணினேன். அந்தச் சிவப்புப் பூவில் வெள்ளைப் பூவின் மகரந்தத்தை பிரஷ்ஷால் தொட்டு வைத்து நான் எடுத்த விதைகள் அவை. முளைத்தது முப்பத்தெட்டு, நானே கழித்தது போக இருபத்தெட்டும் இருக்கின்றன. பக்கக் கன்று வைத்தால் அதே பூதான் வரும். விதையில் என்ன வரும் என்று பூக்கும்வரை யாருக்கும் தெரியாது. மூன்று வருஷத்தில் பதினொன்று பூத்தன. பத்தைக் கழித்தேன். சிலதில் தண்டு குட்டை, சிலதில் நிறம் வெளிறல். ஒன்று மட்டும் ரோஸ் நிறத்தில் பச்சை விளிம்பு. பறித்து இருபது நாளாகியும் வாடவில்லை. எனக்கும் கழிக்கத் தெரியும் அத்தான். ஆனால் இன்னும் பூக்காத இருபத்தேழில் ஒன்றைக்கூட நான் தொடவில்லை.

உங்கள் கடிதம் வந்தது. கல்யாணமாகி ஒன்பது வருஷம், பிள்ளை இல்லை, அண்ணன் வேறு பெண் பார்த்திருக்கிறார், நீ அம்மா வீட்டுக்குப் போய் இரு என்கிறீர்கள். போக மாட்டேன். அண்ணன் பெட்டியைக் கட்டச் சொன்னார். நான் மாடியில் நிழல்வலை கட்டிக்கொண்டிருக்கிறேன். டாக்டர் உங்களையும் பரிசோதனைக்கு வரச் சொல்லி நாலு வருஷமாகிறது. அதையும் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் பேசுவதில்லை. வீடு நிம்மதியாக இருக்கிறது.

பச்சை விளிம்புச் செடியில்தான் அடுத்த விதை எடுக்கப் போகிறேன். அதன் தொட்டியிலும் 'தள்ள' என்றே எழுதியிருக்கிறேன். அழிக்க மாட்டேன்.

லீவில் வாருங்கள். முதலில் மாடியேறி அந்த எழுத்தைப் படியுங்கள். அதை நீங்கள் மலையாளத்தில் படிக்க வேண்டும் என்று பிள்ளையாரிடம் கேட்டிருக்கிறேன். தமிழில் படித்தாலும் செடி அங்கேயேதான் இருக்கும். நானும்தான்.

இந்த வீட்டில் இருக்கும்,
பொன்னம்மை