எண் நாற்பத்தேழு: பன்றி

9 ஜூலை 1972, ஞாயிறு. அம்பத்தூர்.

இன்று சொல்லாமல் விட்டது: அன்னம்மாள் அக்காவின் நாற்பத்தேழாம் எண் பன்றி அல்ல. தும்பிக்கை உடைந்த யானை.

கண்காட்சிக்காக அக்காவின் பொம்மைப் பட்டியலை நல்ல தாளில் எடுத்து எழுதிக்கொண்டிருந்தேன். பற்பசை அட்டைப்பெட்டிக்குள் ஒவ்வொன்றாக வருகிற, கட்டைவிரல் நுனி அளவுப் பிளாஸ்டிக் பொம்மைகள். அடுத்த வீட்டு அக்கா மூன்று வருஷமாகச் சேர்க்கிறாள். பற்பசை வாங்கிக் கிடைத்தவை பாதி, தெருப் பிள்ளைகளிடம் கோலி கொடுத்து மாற்றியவை பாதி. பன்றியின் வாலைப் பார்க்கக் கையில் எடுத்தேன். முகத்தில், மூக்கு இருக்கவேண்டிய இடத்தில் சொரசொரப்பு. பன்னிரண்டாம் எண் யானையைப் பக்கத்தில் நிறுத்தினேன். அதே கால்கள். அதே முதுகு.

காது பெரிதாக இருக்கிறதே என்று முன்பே ஒருமுறை கேட்டிருக்கிறேன். "அது சீமப் பன்னிடீ" என்றாள் அப்போது.

"இன்னா நாகு, பன்னியவே மொறைச்சிகினு கீற?" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

"அழகா இருக்குக்கா" என்றேன். கோழை.

11 ஜூலை

ஏன் சொல்லவில்லை? அந்தப் பந்தயத்தால்தான்.

போன மாதம் அக்காவின் வீட்டுக்காரர் கோதண்டம் அண்ணனுடைய தமக்கை பூங்காவனம் நசரத்பேட்டையிலிருந்து மூன்று பிள்ளைகளோடு வந்திருந்தாள். பிள்ளைகள் அலமாரித் தட்டிலிருந்த பொம்மைகளைப் பார்த்துக் குதித்தன. அக்கா ஒன்றையும் தொடவிடவில்லை. "பொம்மைன்றது வெளயாடறதுக்கா, எழுதி வெக்கறதுக்கா?" என்றாள் பூங்காவனம். கோதண்டம் அண்ணன் சிரித்துவிட்டார். "உனுக்குப் பல்லு வெளக்கவா பேஸ்டு? பொம்மைக்குத்தான பேஸ்டு!"

அக்காவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஆகஸ்டு பதினஞ்சு மாதர் சங்கக் கண்காட்சியில மொதப் பரிசு வாங்கிக் காட்டறேன். வாங்கலன்னா அத்தினியும் உங்க புள்ளைங்களுக்கு. தட்டோட."

பரிசு, அதிக வகை வைத்திருப்பவருக்கு. அக்காவிடம் அறுபத்து நான்கு. பின் தெருப் பார்த்தசாரதி சாரிடம் அறுபத்திரண்டு. யானையைப் பன்றிக் கணக்கிலிருந்து எடுத்தாலும் அறுபத்து மூன்று, அப்போதும் அக்காதான். அப்படியானால் சொல்லியிருக்கலாமே? எது தடுத்தது? அவள் முகம் வாடுவதைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. அவ்வளவுதான்.

14 ஜூலை

அலுவலகத்தில் டைப் அடிக்கும்போதெல்லாம் கண்முன் அந்தப் பொம்மை யானையின் கால்.

16 ஜூலை, ஞாயிறு

அக்காவின் முறையை நினைத்தால் வியப்பாக இருக்கிறது. வந்த வரிசையில் எண். கொடுத்த எண்ணை மாற்றுவதில்லை. எது, நிற்கிறதா உட்கார்ந்திருக்கிறதா, எப்படிக் கிடைத்தது, இந்த வரிசையில்தான் எழுத வேண்டும். பச்சை மான், சிவப்பு மான் என்று இரண்டாக எண்ணக் கூடாது. நிறம் மாறினாலும் மான் மான்தான்.

இன்று நான் இருபத்தோராம் எண்ணுக்கு "அழகான மான்" என்று எழுதிவிட்டேன். அடித்துவிட்டாள்.

"அழகுன்னு ஒண்ணுக்கு எழுதினா அறுவத்தி நாலுக்கும் எழுதணும். எழுதுவியா? அந்தத் தவளைக்கு எழுதுவியா?"

தவளையைப் பார்த்தோம். இரண்டு பேரும் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. இவளைப் போல ஒரு வேலையை இவ்வளவு சந்தோஷமாகவும் இவ்வளவு கறாராகவும் செய்கிற வேறு யாரை எனக்குத் தெரியும்? நான் புத்தகம் படிப்பதுகூட இப்படியில்லை. சலிப்பு வந்தால் பக்கம் தாண்டுகிறவள்தானே நான்.

23 ஜூலை, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

அவளே கேட்டாள். "ரெண்டு வாரமா மூஞ்சத் தூக்கி வெச்சிகினு கீற. இன்னா, ஊட்டுல மாப்ள பாக்கறாங்களா?" நான் யானையையும் பன்றியையும் எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். பன்றியின் முகத்தை விரலால் தடவினாள். சிரிப்பாள் என்று நினைத்தேன்.

"எப்பத் தெரியும் உனுக்கு?"

"போன போன ஞாயித்துக்கிழமை."

"அப்பவே சொல்ல வேண்டியதுதான? இல்ல, சொல்லாமயே உட்டிருக்கணும். இது இன்னாடீ நடுவுல?"

வீட்டுக்கு வந்துவிட்டேன். அவள் சொன்னது சரி. நடுவில்தான் இருந்தேன்.

25 ஜூலை

குழாயடியில் பார்த்தோம். குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

30 ஜூலை, ஞாயிறு

கூப்பிட்டனுப்பினாள். தரையில் செய்தித்தாள் விரித்து, அறுபத்து நான்கும் மல்லாந்து கிடந்தன, ஆஸ்பத்திரி மாதிரி.

"குந்து" என்றாள். "எலியைப் பாரு."

முப்பத்தெட்டாம் எண் எலி, காது இரண்டும் உடைந்த முயல். ஐம்பத்தைந்தாம் எண் மனிதக் குரங்கு, வால் போன சாதாரணக் குரங்கு. முயலும் குரங்கும் பட்டியலில் முன்பே இருக்கின்றன. ஒரு வாரமாக ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருக்கிறாள்.

மூன்று போனால் அறுபத்தொன்று. பார்த்தசாரதி சாரிடம் அறுபத்திரண்டு.

"அக்கா, பன்னிய மட்டும் எடுத்துடலாம். மத்தது ரெண்டும் யாருக்கும் தெரியாது. எனக்கே தெரியலையே. இல்லன்னா அத்தனையும் போயிடுமேக்கா!"

"போன வருசம் பார்த்தசாரதி சாரு கொம்பு ஒடஞ்ச மானக் குதிரைன்னு சொன்னாரே, தெருவே சிரிக்கிற மாதிரி கிண்டல் பண்ணது யாரு? நானு. எடுக்க வெச்சது யாரு? நானு. அவரு மானுக்கு ஒரு நாயம், என் முயலுக்கு ஒரு நாயமா?"

பட்டியலைத் திருத்தினோம். எண்ணை எடுக்கவில்லை, கீழே உள்ளவற்றை மேலே ஏற்றவுமில்லை. "47: பன்றி என்று எழுதியது தவறு. 12 பார்க்க." மற்ற இரண்டுக்கும் அப்படியே. அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.

நான் படித்த கதைகளில் உண்மைக்காக நின்றவர்கள் எல்லோரும் ஏதோ பெரிய விஷயத்துக்காக நின்றார்கள். முயல் காதுக்காக நின்றவர் யாருமில்லை.

15 ஆகஸ்ட், செவ்வாய்

சுதந்திர வெள்ளி விழா. தெருவெல்லாம் காகிதக் கொடி. கண்காட்சி பள்ளிக்கூடக் கூடத்தில். கோதண்டம் அண்ணன் சலவைச் சட்டை போட்டு வந்திருந்தார், பரிசு நிச்சயம் என்று நினைத்து. அக்கா அவரிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

நடுவராக வந்தவர் ஒரு தலைமை ஆசிரியை. அவசரத்தில் இருந்தார். பட்டியலின் கடைசி வரியை மட்டும் பார்த்துவிட்டு, "அறுபத்து நாலா? பிரமாதம்!" என்று பென்சிலை எடுத்தார்.

தலையாட்டினால் போதும். அக்காவைப் பார்த்தேன். அக்கா என்னைப் பார்க்கவில்லை.

"நம்பரு அறுவத்தி நாலும்மா. பொம்மை அறுவத்தி ஒண்ணுதான்."

பரிசான டிபன் கேரியர் பார்த்தசாரதி சாருக்குப் போனது. அவர் எங்கள் மேஜைக்கு வந்து முயலையும் எலியையும் ஜோடியாகப் பார்த்தார். "அந்த மான் விஷயத்துல உங்க மேல ரொம்ப நாள் கோவமா இருந்தேம்மா" என்றார். "இன்னிக்குப் போச்சு."

திரும்பும் வழியில் கோதண்டம் அண்ணன் பொரிந்து தள்ளினார். "அவங்களே அறுவத்தி நாலுன்றாங்க, வாய மூடிகினு இருந்தா இன்னா?" கொஞ்ச தூரம் போனதும் குரல் இறங்கிவிட்டது. "சரி உடு. பந்தயமெல்லாம் சும்மா வெளயாட்டுக்கு. நீயே வெச்சிக்க, அக்காகிட்ட நான் சொல்லிக்கறேன்."

"உங்க அக்கா முன்னாடிதான சொன்னேன்? வெளயாட்டுக்குச் சொல்லல."

நான் பின்னால் நடந்துகொண்டிருந்தேன். தோற்றுவிட்டு வருகிறவள் நடை அல்ல அது. இப்படி ஒருநாள், ஒரே ஒருநாள், நான் நடப்பேனா?

20 ஆகஸ்ட், ஞாயிறு

பூங்காவனம் பிள்ளைகளோடு வந்து வாங்கிப் போனாள். ஒவ்வொன்றையும் எண் சொல்லி அக்கா பையில் போட்டாள். பட்டியலையும் கொடுத்துவிட்டாள். "இது இல்லாம அத வெச்சிகினு இன்னா பண்ணுவாங்க?" பஸ் நிறுத்தம் போவதற்குள் பிள்ளைகளில் மூத்தவள் சிங்கத்தை வாயில் போட்டுக் கடித்தாள்.

அக்கா தட்டைத் துடைத்தாள். நான் அழுதேன். அவள் எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள்.

3 செப்டம்பர்

தட்டில் இப்போது உப்பு ஜாடி.

1 அக்டோபர், ஞாயிறு

கோதண்டம் அண்ணன் சம்பளம் வாங்கியதும் தானாகவே பற்பசை வாங்கி வந்தாராம். அட்டைப்பெட்டிக்குள் ஓர் ஆமை. அக்கா தாளும் பேனாவும் கேட்டு வந்தாள். என் மேஜையிலேயே உட்கார்ந்து, தலைப்புப் போடாமல், முதல் வரியில் எழுதினாள்:

65. ஆமை. நிற்கிறது. வாங்கியது.